வளைவுக்குக் கீழே

இருபத்தாறு படி இந்த ஏணிக்கு. எஞ்சினியர் பிள்ளை ஜெபிலா பத்தாவது படியைத் தாண்டிவிட்டாள், நான் அடியில் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், விட்டால் ஏணி மட்டுமல்ல, கோயிலே சரிந்துவிடும் என்கிற மாதிரி. என்ன மாதிரி, அப்படித்தானே முப்பத்தொரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது இந்தப் பிள்ளைக்கும் தெரியாது, பக்கத்தில் அண்ணாந்து நிற்கிற பங்குச்சாமி ரெமிஜியுசுக்கும் தெரியாது. "அண்ணாச்சி, நல்லாப் பிடிச்சிக்கிடுங்க" என்கிறார் சாமி. பிடித்துத்தான் இருக்கிறேன், சாமி. காலை பத்து மணி வெயில் தெற்கு ஜன்னல் வழியாக வந்து என் செருப்பில்லாத காலில் விழுகிறது. மேலே வளைவு. உடைவிளை பரலோக மாதா கோயிலில் சனங்கள் உட்காருகிற மண்டபத்தையும் பீடம் இருக்கிற பகுதியையும் பிரிக்கிற பெரிய வளைவு. அதன் இடது தோளில் தொடங்கிக் கால்வரைக்கும் இறங்குகிறது விரிசல். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பிள்ளை வந்து விரிசலுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டுப் போனாள், விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். "சுவர் இன்னும் நகருதுன்னா கண்ணாடி முறிஞ்சிரும், ஃபாதர். நகரலைன்னா அப்படியே இருக்கும்" என்றாள். முறிந்திருந்தால் கோயிலைப் பூட்டச் சொல்லி எழுதுவாள், ஆயர் இல்லத்திலிருந்து இடிக்க உத்தரவு வரும். ஊரில் பாதிப் பேர் இரட்டைக் கோபுரம் வைத்த கான்கிரீட் கோயிலுக்கு ஏற்கெனவே படம் வரைந்து வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு? இத்தனை காலம் நின்ற கோயில் எப்படிய்யா விரிசல் விட்டுது என்று ஒருவன் கேட்பான். நான் அவன் பக்கத்திலேயே நிற்பேன். பதினொன்று, பன்னிரண்டு. மெதுவாக ஏறுகிறாள். ஏறட்டும், அவசரம் ஒன்றும் இல்லை. இருக்கிறது.

அந்த வருஷம் திருவிழா எங்கள் குடும்பத்து முறை. முறைக்காரன்தான் கோயிலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், சப்பரம் சோடிக்க வேண்டும், கொடிமரத்துக்குக் கயிறு மாற்ற வேண்டும். எனக்கு இருபத்தேழு வயசு, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை போட்டு இரண்டு வருஷம், கையில் தொழில் இருந்தது, தலையில் அதைவிடக் கனம் இருந்தது. எங்கள் முறையில் மாதாவுக்குப் புதுச் சுரூபம் வைக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பழையதைவிட ஓரடி உயரம். அந்த ஓரடிதான் வினை. வளைவின் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் நடுவே அப்போது ஓர் இரும்புக் கம்பி ஓடியது, சதுரக் கம்பி, கட்டைவிரல் கனம். பழைய சுரூபம் அதற்குக் கீழே அடங்கியிருந்தது, கம்பி இருப்பதே யார் கண்ணிலும் படவில்லை. புதுச் சுரூபத்தைப் பீடத்து மாடத்தில் ஏற்றிவிட்டு மண்டபத்தில் பாயில் உட்கார்ந்து பார்த்தால் கம்பி மாதாவின் கழுத்துக்கு நேர் குறுக்கே. பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "எய்யா இஞ்ஞாசி, மாதா கழுத்துல கம்பிய வச்சிட்டியே" என்றாள் எங்கள் சித்தி, எல்லோருக்கும் கேட்கும்படி. மறுநாள் கொடியேற்றம். அப்போதிருந்த சாமியார் தியானத்துக்குப் போயிருந்தார். சுரூபத்தை இறக்க எனக்கு மனசில்லை, அடியில் எங்கள் குடும்பப் பேர் பொறித்த கல் வேறு. வெல்டிங் கடைத் தொம்மையைக் கூப்பிட்டேன். ஊர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், அவன் அந்தப் பக்கத்து ஏணியில், நான் இந்தப் பக்கத்தில், ஆளுக்கொரு இரும்பு ரம்பம். முக்கால் மணி நேரம் அறுத்தோம். கடைசியில் கம்பி விடுபட்டபோது ஒரு சத்தம் வந்தது, ணங் என்று. சும்மா ஒரு சத்தம்தான். இல்லை, சும்மா இல்லை, வளைவு முழுக்க அதிர்ந்தது, தொம்மை கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். சுவரில் மிஞ்சிய முனைகளின்மேல் சுண்ணாம்பை அப்பி மறைத்தோம். சாயங்காலம் அதே பெண்கள் வந்து கும்பிட்டார்கள். கம்பி எங்கே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சாமியாரும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக யாருமே கேட்கவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. தொம்மையும் போய்ச் சேர்ந்துவிட்டான், இப்போது நான் ஒருத்தன்தான் சாட்சி, நானேதான் குற்றவாளியும்.

"ஃபாதர், நான் மேல வந்துட்டேன்" என்கிறது குரல். ஏணி லேசாக ஆடுகிறது. கம்பி அறுத்த அந்த வருஷம் கார்த்திகை மழையில்தான் விரிசலை முதலில் பார்த்தேன், முடி இழை அளவு. மழை ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நூல்மில்லுக்கு மோட்டார் பார்க்கப் போன இடத்தில் பழைய கட்டடம், வளைவுக்கு வளைவு குறுக்கே கம்பி. இது என்னத்துக்கு என்று அங்கிருந்த கொத்தனாரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "வளைவு ரெண்டு பக்கமும் விரியப் பாக்கும்லா, அத இந்தக் கம்பிதான் இழுத்துப் பிடிச்சிருக்கு. எடுத்துட்டா இன்னைக்கு விழாது, ஆனா விழும்" என்றார், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, சாதாரணமாக. இன்னைக்கு விழாது, ஆனா விழும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன், இறங்கவில்லை. அதற்கப்புறம் வருஷாவருஷம் யார் முறையானாலும் சரி, வளைவுக்கு மட்டும் நான்தான் வெள்ளையடிப்பேன் என்று போய் நின்றேன். வெள்ளைக்குள் சிமெண்டை ஒளித்துக்கொண்டு போய் விரிசலை அடைப்பேன். அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்தில் திறந்திருக்கும். மறுபடி அடைப்பேன். "இஞ்ஞாசிக்கு மாதா மேல அம்புட்டுப் பக்தி" என்றார்கள். பக்தியாவது மண்ணாவது. பூசைக்கு வந்தால் வாசல் தூணைவிட்டு உள்ளே வந்ததில்லை, கண் பீடத்தில் இருக்காது, அந்த இடது தோளில்தான் இருக்கும். பாவசங்கீர்த்தனத்துக்கு முட்டிபோட்டு எத்தனையோ சொன்னேன், குடித்தது, பொய் சொன்னது, பெண்டாட்டி பிரகாசியைக் கை நீட்டி அடித்தது ஒரு தடவை. இதை மட்டும் சொன்னதில்லை. பத்துக் கட்டளையில் எதில் சேர்ப்பது இதை? கம்பி அறுக்காதே என்று ஒரு கட்டளை இல்லையே. சொன்னால் சாமியார் மன்னித்துவிடுவார், வளைவு மன்னிக்குமா?

"முதல் கண்ணாடி முழுசா இருக்கு, ஃபாதர்."

ஒரு மூச்சு. ஒன்றே ஒன்று. இன்னும் இரண்டு இருக்கின்றன. அவள் கேன்வாஸ் காலணி மூன்று படி கீழே இறங்குகிறது. ஒன்று முழுசாக இருந்தால் மற்றதும் இருக்கும் என்று இல்லை, மேலே இறுக்கமாக நின்றுகொண்டு கீழே விரிகிற சுவர்கள் உண்டு, அதையும் கேட்டு வைத்திருக்கிறேன், கேட்காத கொத்தனார் கிடையாது. மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் நானே கோயிலைக் கூட்டினேன், கூட்டுகிற பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள். கண்ணாடிச் சில்லு கீழே கிடக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு சனிக்கிழமை கிடந்தது. வளைவுக்கு நேர் கீழே, ஞானஸ்நானத் தொட்டியின் அடியில், பச்சையாக மின்னியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் யாரோ பிள்ளையின் வளையல் துண்டு. எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தத் தொட்டி முன்பெல்லாம் வாசல் பக்கம்தான் இருந்ததாம், பீடத்தைச் சனங்களைப் பார்க்கத் திருப்பிப் போட்ட காலத்தில் தொட்டியையும் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், சரியாக வளைவுக்குக் கீழே. எல்லாம் இந்த வளைவுக்குக் கீழேதான் நடக்க வேண்டும் இந்தக் கோயிலில். ஞானஸ்நானம், தாலி கட்டு, கடைசியில் பெட்டியை வைக்கிறதும் இங்கேதான். என் மகள் சலேத்துக்குக் கல்யாணம் பேசியபோது எனக்குத் தூக்கமே கிடையாது. மணமக்கள் நாற்காலி எங்கே போடுவார்கள்? இங்கே. எவ்வளவு நேரம்? ஒன்றரை மணி. வேறு வழி தெரியாமல், பாடகர் குழு மைக்கை வைத்து அப்போதைய சாமியாரோடு வேண்டுமென்றே சண்டை பிடித்தேன். எதற்கு என்று அவருக்கும் விளங்கவில்லை. இந்தச் சாமி கையால் என் மகளுக்கு வேண்டாம் என்று குதித்து, கல்யாணத்தை டவுன் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டேன். பெண்ணுடைய பங்குக் கோயிலில்தான் தாலி கட்டு நடக்க வேண்டும், அதுதான் ஊர் முறை. அழுதாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அப்புறம் பேசினாள், ஆனால் அந்தப் பழைய பேச்சு இல்லை. "பெறந்து வளந்த கோயில்ல தாலி கட்டிக்க எம் பிள்ளைக்குக் குடுத்து வைக்கலியே. உங்க வறட்டுக் கோவத்துக்கு அவளத் தூக்கிப் பலி குடுத்துட்டீங்க" என்றாள் பிரகாசி. ஒன்பது வருஷமாக வாரம் ஒருமுறையாவது அதைச் சொல்கிறாள். சொல்லட்டும். மகள் உயிரோடு இருக்கிறாள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன்.

"ரெண்டாவதும் நல்லாருக்கு."

"மாதாவே" என்கிறார் சாமி. அவருக்குச் சந்தோஷம், அவர் இந்தக் கோயிலைக் காப்பாற்ற நினைக்கிறவர், இடிக்க வேண்டும் என்று வந்த கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தியவர். எனக்கு இன்னும் சந்தோஷப்பட நேரம் வரவில்லை. மூன்றாவது கண்ணாடி வளைவின் கால் பக்கம், கம்பியின் முனைக்கு ஒரு சாண் மேலே. அறுத்த இடத்துக்குப் பக்கத்தில். முறிவதானால் அதுதான் முறியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். எட்டு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, பரலோக மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. பிள்ளை பிறந்தால் உன் கோயிலில் கொண்டுவந்துதான் தண்ணீர் ஊற்றுவேன் என்பது சலேத்தின் நேர்ச்சை. இரண்டு மாதப் பிள்ளை. தலை இன்னும் நிற்கவில்லை, உச்சிக்குழி துடிப்பது தெரிகிறது. அந்தத் தலையை இந்தத் தொட்டிக்குமேல் நீட்டிப் பிடிப்பார்கள், அதற்கு நேர் மேலே வளைவு. இந்தத் தடவை எந்தச் சாமியோடு சண்டை பிடிப்பது? ரெமிஜியுஸ் சாமி சண்டைக்கே வரமாட்டார், என்ன சொன்னாலும் சிரிப்பார். நேற்று ராத்திரி பிரகாசி பாத்திரத்தை அலம்பிக்கொண்டே, திரும்பிக்கூடப் பாராமல் சொன்னாள், "ஞானஸ்நானத்துக்கும் ஏதாவது குண்டக்க மண்டக்கப் பண்ணினீங்க, நான் மக வீட்டோட போயிருவேன், பாத்துக்கிடுங்க." போய்விடுவாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

காலணி இன்னும் மூன்று படி இறங்குகிறது. நிற்கிறது. சுண்ணாம்புத் தூள் என் கண்ணில் விழுகிறது, துடைக்கக் கையை எடுக்க முடியாது. ஏன் பேசமாட்டேன் என்கிறாள்?

"ஃபாதர், மூணாவதக் காணல."

காணவில்லை. முறிந்து விழுந்தால் காணாமல்தான் போகும். சனிக்கிழமை கூட்டினேனே, சில்லு கிடக்கவில்லையே, ஒருவேளை எனக்கு முன்னால் யாராவது கூட்டியிருந்தால், இல்லை, நான்தான் முதலில் வந்தேன், கதவைத் திறந்ததே நான், வளையல் துண்டு, அது வளையல் துண்டுதானா, பச்சையாக இருந்தது, கண்ணாடியைப் பக்கவாட்டில் பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும், ஐயோ, அதை எங்கே போட்டேன், குப்பையோடு போட்டுவிட்டேனே, வளைந்திருந்ததா நேராக இருந்ததா, வளைந்திருந்தது, நிச்சயமாக வளைந்திருந்தது, நிச்சயமாகவா? ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான், இப்போதே, ஏணியைப் பிடித்தபடியே. ஊர் காறித் துப்பட்டும். துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். வாயைத் திறக்கிறேன், அதற்குள் மேலிருந்து அவள் குரல்.

"ஏ, இந்தா கெடக்கு! வளைவுக் கால் விளிம்புல விழுந்து கெடக்கு, ஃபாதர். முழுசா இருக்கு. வெள்ளை பொரிஞ்சி, ஒட்டினது விட்டிருக்கு, அவ்வளவுதான். யாரு இதுல இம்புட்டுச் சிமெண்டு பூசினது? சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்டு நிக்குமா? அடுக்கடுக்கா பூசி வச்சிருக்காங்க." சுத்தியலால் தட்டுகிறாள். என் சிமெண்டு, என் முப்பது வருஷத்துப் பக்தி, பாளம் பாளமாக என் தலையிலேயே விழுகிறது. வலிக்கவில்லை. தட்டுகிறாள், சுரண்டுகிறாள், கைவிளக்கை அடித்துப் பார்க்கிறாள். பிறகு சிரிக்கிறாள், ஏணிமேல் நின்றுகொண்டு, சின்னப் பிள்ளை கணக்குக்கு விடை வந்ததும் சிரிக்கிற சிரிப்பு. "ஃபாதர், இது விரிசலே இல்ல. இங்க ரெண்டு கட்டடம் இருக்கு. பீடத்துப் பக்கம் பூராவும் சின்னச் செங்கல், மண்டபத்துப் பக்கம் பூராவும் செம்பாறைக் கல்லு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பல்லு கோக்கவே இல்ல, ஒட்டி நிறுத்தியிருக்காங்க. முதல்ல பீடம் மட்டும் சின்னக் கோயிலா இருந்திருக்கும், நாப்பது அம்பது வருஷம் கழிச்சு மண்டபத்தச் சேத்திருக்காங்க. மழைத்தண்ணி எறங்கினா அந்த இணைப்பு வாயைத் திறக்கத்தான் செய்யும். ஓட்டுக்குக் கீழ ஒழுக்க அடைச்சி, சுண்ணாம்புச் சாந்து போட்டாப் போதும். வளைவுக்கு ஒண்ணுமே இல்ல." சாமி வாயைப் பிளக்கிறார். வாசல் கல்வெட்டில் பிரான்சுக்காரச் சாமியார் ஒருவர் கோயில் முழுவதையும் கட்டியதாகத்தான் இருக்கிறது, ஊரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறது. "அப்ப மண்டபம் யாரு கட்டினது?" என்கிறார். "கல்ல பாத்தா உங்க ஊர்த் தேரிக்காட்டுக் கல்லு மாதிரி இருக்கு. ஊர்க்காரங்கதான் கட்டியிருக்கணும்" என்கிறாள். எனக்கு அது காதில் விழுகிறது, மனசில் ஏறவில்லை. வளைவுக்கு ஒண்ணுமே இல்ல. அதை மறுபடி சொல்ல மாட்டாளா? ஆனால் கம்பி. அவளுக்குக் கம்பி தெரியாது. தெரியாமல் சொல்கிறாள், தெரிந்தால் மாற்றிச் சொல்வாள்.

"இங்க ஒரு கம்பி முனை இருக்கே. யாரோ ரம்பத்தால அறுத்திருக்காங்க."

"நான்தான்" என்றேன்.

என் குரல்தானா அது? சாமி திரும்பிப் பார்க்கிறார். நிறுத்த முடியவில்லை. "நான்தான் அறுத்தேன், நானும் செத்துப்போன தொம்மையும். மாதா கழுத்துக்குக் குறுக்க ஓடிச்சு. வளைவ இழுத்துப் பிடிக்கிற கம்பின்னு தெரியாது, சாமி. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சதுக்கப்புறம் சொல்லத் தைரியம் இல்ல." மேலே குறடு கம்பியைப் பற்றுகிற ஒலி. அப்புறம் அவள் கீழே கையை நீட்டிக் காட்டுகிறாள், உள்ளங்கையில் நாலு விரற்கடை நீளத் துருப்பிடித்த துண்டு. "அண்ணாச்சி, இந்தாப் பாருங்க, இழுத்த ஒடனே கையோட வந்துட்டு. இது எதையும் பிடிச்சிருக்காது. பிடிக்கிற கம்பின்னா சுவரத் தொளைச்சி வெளிய போகும், வெளிப்பக்கம் இரும்புத் தகடு வச்சி முடுக்கியிருப்பாங்க. வெளிச் சுவர்ல தகடு ஏதாவது பாத்திருக்கீங்களா?" பார்த்ததில்லை. முப்பத்தொரு வருஷமாக உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு தடவை வெளியே போய்ச் சுவரைப் பார்க்கவில்லை. மோட்டார் என்றால் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கைவைக்க மாட்டேன். "அப்ப இது என்னத்துக்கு உள்ள கம்பி?" என்கிறேன். சாமி நெற்றியைத் தடவுகிறார், பிறகு அவருக்கு வந்துவிடுகிறது. "அண்ணாச்சி, திரை போடுற கம்பியா இருக்கும். அந்தக் காலத்துல தவசு காலம் வந்தா பீடத்த ஊதாத் திரை போட்டு மறைப்பாங்கல்லா? அத மாட்டுறதுக்கு." சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை, பெரிய சாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். திரைக்கம்பி. வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி ஒரு திரைக்கம்பி. அதற்குத்தான் சோறு இறங்காமல், தூக்கம் வராமல், வாசல் தூணோடு தூணாக நின்றேன். நானும் சிரிக்கிறேன். கண்ணில் தண்ணீர், சுண்ணாம்புத் தூள்தான் என்று சொல்லலாம், சொல்லவில்லை. நெஞ்சில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள், உடம்பு எனக்கே புதிதாக இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் மூச்சு அடிவயிறுவரை போய் வருகிறது.

பிள்ளை இறங்கிவிட்டாள். ஏணியை விட்டேன், விரல்களில் அலுமினியத்தின் தடம். வளைவுக்கு நேர் கீழே போய்த் தொட்டியின் விளிம்பில் கைவைத்து நின்றேன். குளிர்ச்சியாக இருந்தது. போனை எடுத்துச் சலேத்தைக் கூப்பிட்டேன். "எப்பா? என்ன இந்நேரம்? அம்மைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பதறுகிறாள், நானாகக் கூப்பிடுகிற பழக்கம் இல்லை. "ஒண்ணும் இல்லம்மா. ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம் நம்ம கோயில்லயே வச்சிக்கிடுவோம். நானே முன்னால நின்னு நடத்துதேன்." அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்குவது கேட்கிறது. "அப்ப எங் கல்யாணத்துக்கு மட்டும் ஏம்ப்பா விடல?" ஒன்பது வருஷமாக அவள் கேட்காத கேள்வி. சொன்னேன். கம்பி, தொம்மை, கொத்தனார், சாமியோடு பிடித்த பொய்ச் சண்டை எல்லாம். "நீங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கையில வளைவு தலையில விழுந்திரும்னு பயந்துட்டேம்மா."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "எப்பா, இதுக்குத்தானா? மாப்பிள்ளையப் பிடிக்காமத்தான் ஊர் அறியக் கட்டிக்குடுக்க வெக்கப்பட்டு டவுனுக்குக் கொண்டுபோனீங்கன்னுல்லா நாங்க நெனச்சிக்கிட்டிருக்கோம். அவுக நம்ம வீட்டுக்கு வந்தா ஒரு நாள் நிம்மதியா இருந்து சாப்பிட்டதில்லப்பா."

தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, தங்கமான மனுசன்லா அவரு" என்றேன். "அத எங்கிட்ட ஏன் சொல்லுதீங்க? இந்தா, அவுககிட்டயே சொல்லுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, ஒன்பது வருஷமாக என்னோடு பேசுகிற அதே பயந்த குரலில். என்ன தப்புச் செய்தோமோ என்று யோசிக்கிற குரல் அது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாப்பிள்ள, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பயப்படாதீங்க" என்றேன்.